தெர்மைட்: வெடிக்காத நெருப்புக்கு எப்படி இத்தனை சூடு?

சப்-ஜில்லா சாஸ்திரோத்சவத்துக்கு, அதாவது கேரளப் பள்ளிகளின் அறிவியல் விழாவுக்கு, தேதி குறித்துவிட்டால் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ் வழிப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வந்து கேட்டுவிடுவார்கள்: "சார், தெர்மைட் செஞ்சு காட்டலாமா?" இரும்பு ஆக்சைடுத் தூளும் அலுமினியத் தூளும் கலந்த கலவைதான் தெர்மைட். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதற்கு ஒரு சமன்பாடும், தண்டவாளத்தை இணைக்கவும் விரிசல் விட்ட இயந்திர பாகங்களை ஒட்டவும் பயன்படுகிறது என்று ஒரு வாக்கியமும்தான் இருக்கிறது. மீதியை எல்லாரும் மொபைலில் பார்த்துக்கொள்கிறார்கள். பூந்தொட்டிக்குள் இருந்து வெள்ளையாக ஒரு வெளிச்சம் எழும்பும், கீழே உருகிய இரும்பு ஒழுகும், மணலில் விழுந்தும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டும், கூடவே தானும் செய்து பார்க்கவேண்டும். முதல் ஆசையை முழுசாகத் தீர்த்துவைத்தால் இரண்டாவதை எங்கே, யார் கையில் விடவேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடும் என்று நம்புகிறேன், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சமன்பாடு. இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் சேர்ந்தால் இரும்பும் அலுமினியம் ஆக்சைடும் கிடைக்கும். இரும்பு பிடித்து வைத்திருந்த ஆக்சிஜனை அலுமினியம் பறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாடத்தில் இடப்பெயர்ச்சி வினை என்று படித்ததே இது. ஏன் பறிக்க முடிகிறது என்றால், அலுமினியம் ஆக்சிஜனோடு சேரும்போது வெளியாகும் ஆற்றல் மிக அதிகம். ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) அலுமினியம் ஆக்சைடு உருவாகும்போது 1,676 கிலோஜூல் வெளியே வரும். ஒரு மோல் இரும்பு ஆக்சைடை உடைக்க 824 கிலோஜூல் கொடுத்தால் போதும். கொடுத்தது போக மிச்சம் சுமார் 852 கிலோஜூல், அதுதான் நாம் பார்க்கும் சூடும் வெளிச்சமும்.

இந்த ஆற்றல் அலுமினியத்துக்குள் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பதில்லை, ஆனால் சொன்னால் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள். அலுமினியம் மண்ணில் தனியாகக் கிடைப்பதில்லை, எப்போதும் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டுதான் கிடைக்கும். அந்தப் பிடியைப் பிரிக்க மின்சாரத்தை ஆறு மாதிரி ஓடவிடவேண்டும். இன்றைய உருக்காலைகளிலும் ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட் கரண்ட் போகிறது. இந்தியாவில் அலுமினியம் முதன்முதலாக உருக்கப்பட்டது நம் கேரளத்தில்தான், ஆலுவாய்க்குப் பக்கத்தில் அலுபுரத்தில், 1943இல். அதற்குக் கரண்ட் வந்தது மூணாறுக்குக் கீழே இருக்கும் பள்ளிவாசல் நீர்மின் நிலையத்திலிருந்து, அது 1940இல் ஓடத் தொடங்கியது. அப்படியென்றால் மலையில் இருந்து விழுந்த தண்ணீரின் பலம் அலுமினியத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. தெர்மைட் அதில் ஒரு பங்கைச் சில வினாடிகளில் திருப்பிக் கொடுக்கிறது.

சரி, அப்படியானால் தெர்மைட்டில் ஏகப்பட்ட ஆற்றல் அடைத்து வைத்திருக்கிறது, அதனால்தான் இரும்பே உருகுகிறது என்று தோன்றும். எனக்குத் தெரிந்து பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 852 கிலோஜூலை மொத்த எடையால் வகுத்தால் ஒரு கிராம் கலவைக்கு சுமார் 4 கிலோஜூல்தான் வருகிறது. வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை ஒரு கிராம் எரித்தால் 37 கிலோஜூலுக்குக் குறையாது, அதாவது ஒன்பது மடங்கு! ஆனால் எண்ணெய் விளக்கில் இரும்பு உருகுவதில்லை, நாலு கிலோஜூல் தெர்மைட்டில் உருகிவிடுகிறது.

வித்தியாசம் சூடு எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. ஒரு கிராம் எண்ணெய் முழுதாக எரிய அது வெளியில் இருந்து ஆக்சிஜனை இழுக்கவேண்டும், ஆக்சிஜன் தனியாக வராது, நாலு மடங்கு நைட்ரஜனும் கூடவே வரும். கிட்டத்தட்ட 13 கிராம் காற்று வேண்டும் ஒரே ஒரு கிராம் எண்ணெய்க்கு. இத்தனையையும் சேர்த்துச் சூடாக்கவேண்டியது அந்த 37 கிலோஜூல்தான், பங்கு போட்டால் கிராமுக்கு மூன்றுகூட வராது. அப்புறம் உண்டானது எல்லாம் வாயு: கார்பன் டை ஆக்சைடு, நீராவி, சூடான நைட்ரஜன். அவை சூட்டையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

தெர்மைட்டில் அந்த ஓட்டத்துக்கே வழியில்லை. வேண்டிய ஆக்சிஜன் இரும்பு ஆக்சைடுக்குள்ளேயே இருக்கிறது, காற்று தேவையில்லை. வினை முடிந்தால் கிடைப்பது இரும்பு, அலுமினியம் ஆக்சைடு, இரண்டும் திரவம், இரண்டும் அதே கலயத்துக்குள்ளேயே கிடக்கும். வெளியான சூடு முழுதும் அந்தக் கொஞ்சூண்டு பொருளிலேயே தங்கிவிடுகிறது. அதனால் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. இரும்பு உருக 1,538 போதும், அலுமினியம் ஆக்சைடு உருக 2,072 வேண்டும், இரண்டையும் தாண்டிவிட்டது. மேலே போகாமல் நிறுத்துவது இரும்பின் கொதிநிலை, 2,862 டிகிரி. அதற்கு மேல் வரும் சூடு எல்லாம் இரும்பை ஆவியாக்குவதில் செலவாகிவிடும்.

இதைப் பிடித்துக்கொண்டால் தெர்மைட் ஏன் வெடிக்கவில்லை என்பதும் விளங்கிவிடும். நெம்மாறை–வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவுக்கு வெடிக்கெட்டு, அதாவது வாணவேடிக்கை, பார்க்கப் போகாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. அங்கே வானத்தில் வெள்ளையாகப் பளிச்சிடுவதும் அலுமினியத் தூள்தான். ஆனால் அதோடு சேர்ந்திருக்கும் மருந்துகள் நொடிப்பொழுதில் ஏராளமான வாயுவை உண்டாக்கும், வாயு விரிய இடமில்லாமல் உறையைக் கிழிக்கும், அந்தக் கிழிப்புதான் நெஞ்சில் இடிக்கும் சத்தம். வாயு இல்லாத இடத்தில் இடி இல்லை. தெர்மைட் சீறும், பொறி தெறிக்கும், ஆனால் வெடிக்காமல் எரிந்து முடியும். ஆக்சைடை மாற்றிப் போட்டால் கதை வேறு. இரும்பு ஆக்சைடுக்குப் பதில் காப்பர் ஆக்சைடு என்றால் வெளியாகும் சூடும் அதிகம், தாமிரம் கொதிப்பதோ 2,562 டிகிரியிலேயே. தாமிரம் ஆவியாகிவிடும், ஆவி என்றால் வாயு, வாயு வந்துவிட்டால் மொத்தக் கலவையும் முகத்தில் தெறிக்கும். மொபைலில் "இன்னும் பவர்ஃபுல் தெர்மைட்" என்று தலைப்புப் போட்டு வருவது பெரும்பாலும் இந்த வகை. பிள்ளைகள் எந்தக் காரணத்துக்காகவும் இதன் பக்கம் போகக்கூடாது.

இந்த வினையைத் தொழிலாக்கியவர் ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், 1895இல் காப்புரிமை எடுத்தார். அவர் தேடியது தண்டவாளத்தை அல்ல, கரி கலக்காத சுத்தமான குரோமியம், மாங்கனீஸ் போன்ற உலோகங்களை. கரியைப் போட்டு உருக்கினால் உலோகத்தில் கரி கலந்துவிடும், அலுமினியம் அந்த வேலையைக் கரி இல்லாமல் செய்தது. கிடைத்த சூட்டைப் பார்த்த பிறகுதான் ஒட்டுவேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், 1899இல் எஸ்ஸென் நகரத்து டிராம் தண்டவாளங்களில் போட்டார்கள். அங்கிருந்து உலகம் முழுதும் போய்விட்டது.

நம் ஊரில் அதைக் கண்ணால் பார்க்க வாய்ப்புக் கிடைத்த தலைமுறை ஒன்று இருக்கிறது. பொள்ளாச்சி–பாலக்காடு மீட்டர் கேஜ் பாதையை 2008 கடைசியில் மூடி, அகலப் பாதையாக்கி 2015இல் திறந்தார்கள். மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு வழியாகப் புதுத் தண்டவாளம் இறங்கி வந்தபோது வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் உண்டு. பழைய பாதையில் ரயில் போனால் தடக் தடக் என்று தாளம் கேட்கும், அது தண்டவாள முனைகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறும் சத்தம். ஃபிஷ் பிளேட் என்ற இரும்புத் தகட்டை வைத்து போல்ட் போட்டு இணைத்த அந்த மூட்டுகளில்தான் தண்டவாளம் சீக்கிரம் தேயும், போல்ட் தளரும், பராமரிப்பு வேலையும் அங்கேதான் அதிகம். தெர்மைட்டால் ஒட்டி நீளமாக்கிவிட்டால் சத்தமும் போகும், தேய்மானமும் குறையும்.

ரயில்வேக்காரர்கள் இதை ஏ.டி. (அலுமினோ-தெர்மிக்) வெல்டிங் என்பார்கள், தெர்மிட் வெல்டிங் என்றும் சொல்வார்கள். வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் வீடியோவில் பூந்தொட்டியில் நடப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதில்தான் தெரியும். முதலில் அந்தப் பாதையில் ரயில் வராதபடி பிளாக் வாங்குவார்கள். இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் கோணாமல் நேர்ப்படுத்துவார்கள். மணலால் செய்த அச்சை இரண்டு பக்கமும் பொருத்தி, சந்து முழுதும் பசைமண் வைத்து அடைப்பார்கள். அப்புறம் பர்னர் வைத்து தண்டவாள முனைகளைச் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றுவார்கள். இதைத் தவிர்த்தால் ஊற்றும் உலோகம் குளிர்ந்த எஃகில் பட்டதும் உறைந்துவிடும், மேலே ஒட்டினமாதிரி தெரியும், உள்ளே பிடித்திருக்காது. சூடேற்றி முடித்ததும் அச்சுக்கு மேலே கலயத்தை நகர்த்தி வைத்துப் பற்றவைப்பார்கள். இருபது வினாடி சுமாருக்கு வினை நடக்கும். உருகிய இரும்பின் அடர்த்தி 7க்குப் பக்கம், அலுமினியம் ஆக்சைடுக் கசடின் அடர்த்தி 3க்குப் பக்கம், அதனால் இரும்பு கீழே தங்கும், கசடு மேலே மிதக்கும். கலயத்தின் அடி அடைப்பு சூட்டில் தானே திறந்து, கீழே இருக்கும் இரும்பு முதலில் அச்சுக்குள் இறங்கும், கசடு கடைசியில் பக்கத்துத் தட்டில் வழியும். கசடை ஆறவைத்தால் கிடைப்பது காங்கேயம் சிவன்மலைப் பக்கம் மண்ணில் கிடைக்கும் குருந்தக்கல்லின் அதே சேர்மம், கெட்டியானது, கண்ணாடியைக் கீறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிப் பாடத்துச் சமன்பாடு கொடுப்பது சுத்த இரும்பு. சுத்த இரும்பு மிருதுவானது, தண்டவாளத்துக்கு உதவாது, ரயில் சக்கரத்துக்குக் கீழே நசுங்கிப் பள்ளமாகிவிடும். தண்டவாள எஃகில் கொஞ்சம் கரியும் கொஞ்சம் மாங்கனீஸும் அளவாக இருக்கவேண்டும். அதனால் வெல்டிங்குக்கு வரும் கலவை மூட்டையில் அந்த உலோகச் சேர்ப்புகளும் சிறு எஃகுத் துண்டுகளும் கலந்தே வருகின்றன. எஃகுத் துண்டுகள் உருகும்போது சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், ஊற்றும் உலோகத்தின் வெப்பம் கட்டுக்குள் இருக்கும், இரும்பின் அளவும் கூடும். எந்தத் தண்டவாள வகைக்கு எந்த மூட்டை என்பதெல்லாம் முன்பே தீர்மானித்தது, பாதையில் நின்றுகொண்டு யாரும் கலப்பதில்லை.

ஊற்றி நாலைந்து நிமிஷம் பொறுத்து அச்சை உடைத்து, இன்னும் சிவப்பாக இருக்கும்போதே மேலே பிதுங்கிய பகுதியைச் செதுக்கி, ஆறியபின் தேய்த்து மட்டமாக்கி, அல்ட்ராசோனிக் கருவி வைத்து உள்ளே ஓட்டை உண்டா என்று பார்ப்பார்கள். இவ்வளவு ஜாக்கிரதை ஏன் என்பதற்குப் பாலக்காட்டு வெயிலே போதும். மார்ச், ஏப்ரலில் காற்றே 40 டிகிரி என்றால் வெயிலில் கிடக்கும் தண்டவாளம் 60 டிகிரியைத் தாண்டும். கட்டிப்போடாமல் விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 40 டிகிரி ஏற்றத்துக்கு 46 சென்டிமீட்டர் நீளும். ஸ்லீப்பரும் ஜல்லியும் அதை நீளவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன, நீள முடியாத அந்த அழுத்தம் முழுதும் எஃகுக்குள்ளேயே நிற்கும். மார்கழி விடியலில் அதே தண்டவாளம் சுருங்கப் பார்க்கும், அப்போது இழுவிசை. பலவீனமான ஒட்டு இருந்தால் அங்கேதான் விரியும், அதனால்தான் குளிர்காலத்து அதிகாலையில் கீமேன், அதாவது தண்டவாளத்தைச் சோதிக்கும் ஊழியர், நடந்து பார்ப்பது அத்தனை முக்கியம். முடிந்த இடங்களில் இப்போது மின்சாரம் பாய்ச்சி அழுத்தி ஒட்டும் ஃபிளாஷ் பட் முறையையே விரும்புகிறார்கள், அந்த ஒட்டு இதைவிட உறுதி. ஆனால் அதன் இயந்திரம் பெரிது. வாளையார்க் காட்டுக்குள் ஒரு இடத்தில் தண்டவாளம் விரிந்துவிட்டது, சீக்கிரம் சரிசெய்யவேண்டும் என்றால் நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தெர்மிட் சாமான்தான் கைகொடுக்கும்.

இனி ஆபத்து. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. தெர்மைட்டின் ஆபத்துகளில் பெரும்பாலானவை மேலே சொன்ன குணங்களிலேயே இருக்கின்றன. ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால் மூடி அணைக்க முடியாது, ஈரச் சாக்கு போட்டாலும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அடித்தாலும் வினை நிற்காது, முடிந்தால்தான் நிற்கும். எரிவதைப் பார்த்தால் நம் கை தன்னாலே தண்ணீர் வாளிக்குப் போகும், அதுதான் மிக மோசமான காரியம். உருகிய இரும்பில் தண்ணீர் பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும், இதுவரை இல்லாத வாயு அந்த நொடியில் வந்துவிடுகிறது, உருகிய இரும்பு நாலாபக்கமும் சிதறும். சூடான அலுமினியம் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் பறித்து ஹைட்ரஜனை வெளியே விடும், அதுவும் எரியும். தண்ணீர் என்றால் வாளித் தண்ணீர் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. மழையில் கிடந்த மணல், ஈரம் உறிஞ்சிய தொட்டி, கான்கிரீட் தரை எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. உருகிய இரும்பு கான்கிரீட்டில் விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தரையே சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ரயில்வேயில் கலவை மூட்டை நனைந்தால் தூக்கிப் போட்டுவிடுவதும், மழையில் வெல்டிங் போடாததும் இதனால்தான். சாஸ்திரோத்சவம் நடப்பதோ துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழை நேரம்!

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வெளிச்சத்தில் புற ஊதாக் கதிரும் உண்டு, பக்கத்தில் நிற்பவர் வெல்டிங் போடுபவர் அணியும் கருப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக்கூடாது. அப்புறம் நுண்ணிய அலுமினியத் தூள். அது காற்றில் பறந்து ஒரு பொறியைச் சந்தித்தால் தூசியே வெடிக்கும். வீட்டு அலுமினியச் சட்டி அடுப்பில் எரியாமல் இருப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தாலும், மொத்தப் பருமனுக்கு மேற்பரப்பு குறைவாக இருப்பதாலும்தான். தூளாக்கிவிட்டால் மேற்பரப்பு பலமடங்காகிவிடும், சட்டியைப் போலப் பழக முடியாது.

ஆகவே பள்ளி வளாகத்தில், ஷாமியானா கட்டி, நானூறு பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் அரங்கில் இதைக் காட்டக்கூடாது என்பது என் தீர்மானமான கருத்து, எந்த ஆசிரியர் பொறுப்பேற்றாலும் சரி. கல்லூரிகளில் காட்டுகிறார்கள், அங்கே திறந்த வெளி, காய்ந்த மணல் படுகை, தடுப்பு, தூரம், பலமுறை செய்து பழகியவர் என்று எல்லாம் அமைந்தபிறகு கிராம் கணக்கில் செய்கிறார்கள். அந்த அமைப்பு இல்லாத இடத்தில் செய்முறை இல்லை.

அதற்காகப் பிள்ளைகளை வெறும் சார்ட் ஒட்டச் சொல்லி அனுப்பவும் எனக்கு மனசு வரவில்லை. இதே வினையைக் கைக்குள் அடங்கும் அளவில் காட்ட உலகம் முழுதும் வேதியியல் ஆசிரியர்கள் செய்யும் ஒரு வழி இருக்கிறது. நன்றாகத் துருப்பிடித்த இரண்டு இரும்புக் குண்டுகள் வேண்டும், விளையாட்டு அறையின் மூலையில் கிடக்கும் பழைய சின்ன ஷாட்புட் குண்டு மாதிரி. ஒன்றின் மேல் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளை ஒரு சுற்று சுற்றி, இரண்டையும் உரசுகிற மாதிரி மோதவேண்டும். டப் என்று ஒரு சத்தம், ஒரு பொறி, தாளில் கருகிய சின்ன ஓட்டை. மோதிய புள்ளியில் உரசல் சூட்டில் துருவும் அலுமினியமும் வினைபுரிந்துவிட்டன, இரும்பு ஆக்சைடுதானே துரு! பக்கத்தில் தீப்பிடிக்கும் சாமான் எதுவும் இருக்கக்கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை கட்டாயம், மோதுவது ஆசிரியர், பிள்ளைகள் சில அடி தள்ளி நிற்கட்டும். துருவில்லாத இரண்டு குண்டுகளை அதே தாளோடு மோதிக் காட்டுங்கள், பொறி வராது. எது வினையில் பங்கெடுத்தது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு மேஜையில் பழைய ஃபிஷ் பிளேட்டும், ஒட்டுப் போட்ட தண்டவாளத்தின் படமும், எண்ணெயையும் தெர்மைட்டையும் ஒப்பிட்ட அந்தக் கிலோஜூல் கணக்கும் வைத்தால் நடுவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கும்.